பணக்காரருக்குப் பணம் மலிவு

இருபத்தெட்டு வருடம் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பெரும்பகுதி கடன் பிரிவில். டீக்கடையில் யாராவது “இருக்கறவன் மேல மேல போறான், இல்லாதவன் இன்னும் கீழ போறான், ஏன் சார்?” என்று ஆரம்பித்தால் பேச்சு ஊழல், படிப்பு, ஜாதி, அரசாங்கம் என்று சுற்றி வரும். எதையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் நேரில் பார்த்த காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வட்டிதான் அது. ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே ரூபாய்க்கு இரண்டு விலை.

2020 தை மாதம், கொரோனா வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. மதுரையில் ஒரு கிளையில் மேலாளராக இருந்தேன். காலையில் ஒரு நூல் மில் முதலாளி வந்தார். ஐந்து கோடி ரூபாய் நடைமுறை மூலதனக் கடன் வைத்திருந்தார், எட்டே முக்கால் சதவீதம் வட்டி. “கால் சதவீதம் குறைங்க சார், பக்கத்து பேங்க்ல எட்டரைக்கு ரெடியா இருக்காங்க” என்றார். சொன்ன விதத்தில் கெஞ்சல் இல்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். அவருக்குக் காபி வரவழைத்தேன். அன்று மாலைக்குள் வட்டார அலுவலகத்துக்குக் கடிதம் போனது, ஒரு வாரத்தில் குறைத்துக்கொடுத்தோம். கால் சதவீதம் என்றால் கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஐந்து கோடிக்கு அது வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம்.

அதே நாள் மதியம் பூ விற்கும் ஒரு அக்கா வந்தார், நகைக் கடனுக்கு. அவருக்கு யாரும் காபி வாங்கித் தரவில்லை, நானும்தான். ஒரு ஜோடி கம்மல். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கல் எடை கழித்து மூன்றேகால் கிராம் என்றார், ஒன்பதாயிரம் ரூபாய் வரும். எதற்குப் பணம் என்று கேட்டேன். மறுநாள் முகூர்த்தமாம், மாட்டுத்தாவணியில் மல்லி கிலோ 2,000 தாண்டிவிடும், கையில் காசு இருப்பவர்கள் விடியற்காலையிலேயே ஐந்து கிலோ எடுத்துவிடுவார்கள், இவருக்கு ஒரு கிலோவுக்குத்தான் காசு. லாபம் வருகிற நாளே அவருக்குப் பணம் பற்றாக்குறை வருகிற நாளாக இருக்கிறது.

வழக்கமாக எங்கே வாங்குவீர்கள் என்றேன். மஞ்சப்பையிலிருந்து ஒரு கட்டு தண்டல் அட்டைகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு, கையில் கொடுப்பது 8,500. நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க “பதினைந்து சதவீதம்தானே” என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். தினமும் அசல் கரைந்துகொண்டே வருகிறது, அவர் கையில் சராசரியாக நிற்பது பாதிப் பணம்தான், அதுவும் மூன்றே கால் மாதத்துக்கு. முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. மில்காரருக்கு எட்டரை, இவருக்கு நூற்றிருபது. பையில் இருந்தவை மட்டும் 19 அட்டை, எல்லாம் கட்டி முடித்தவை, ஒரு நாள் கூடத் தவறவில்லை. வட்டியாக மட்டும் 28,500 ரூபாய் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கையில் வாங்கியது என்னவோ அதே 8,500தான்.

“அந்த எட்டாயிரத்து ஐநூறை ஒரு தடவை சேர்த்துட்டா அப்புறம் கடனே வேண்டாமே அக்கா” என்று பெரிய மேதாவி மாதிரி கேட்டேன். “தினம் நூறு ரூபா அவருக்குக் கட்டினதுக்கு அப்புறம் சேக்கறதுக்கு என்ன சார் இருக்கு” என்றார்.

தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் ஏதோ பேச்சுவழக்கு என்று நினைக்காதீர்கள், 2003-ல் தமிழ்நாடு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தில் இந்தச் சொற்களுக்கு வரையறையே இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை. சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது.

சரி, வங்கி ஏன் அந்த அக்காவுக்கு முன்னாலேயே கொடுக்கவில்லை? 19 அட்டையைத் தவறாமல் கட்டியவரை விட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்? இதில் நான் யோக்கியன் வேஷம் போட முடியாது. ஐந்து கோடி கடன் என்றால் எனக்கு ஒரு ஃபைல். அதே ஐந்து கோடியைப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொடுத்தால் 5,000 ஃபைல், 5,000 கையெழுத்து, 5,000 பேரை வசூலுக்குத் தேட வேண்டும், கிளையில் ஆளோ ஆறு பேர். மாதக் கடைசியில் மேலிடம் கேட்பது மொத்தத் தொகையைத்தான், எத்தனை பேருக்குக் கொடுத்தாய் என்று கேட்பது எப்போதாவது ஏதாவது அரசுத் திட்டத்துக்கு இலக்கு வரும்போதுதான். அதனால் சின்ன விண்ணப்பங்களை “அடுத்த வாரம் வாங்க” என்று தள்ளியிருக்கிறேன், ஒன்றிரண்டு முறை அல்ல. அப்புறம் சிபில் ஸ்கோர், பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்பதற்கான மதிப்பெண். வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கியவருக்குத்தான் ஸ்கோர் வரும், ஸ்கோர் இல்லாவிட்டால் கடன் கொடுக்க வங்கி தயங்கும். தண்டல்காரரிடம் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது எந்தக் கணினியிலும் ஏறாது.

நடுவில் குழு லோன்காரர்கள் வந்தார்கள், அதாவது ஆட்களைக் குழுவாகச் சேர்த்துச் சின்னச் சின்னக் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்கள். தண்டலை விட எவ்வளவோ மேல்தான், ஆனாலும் ஆண்டுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் சர்வசாதாரணம். 2022-ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது, போட்டி வந்தால் வட்டி தானாக இறங்கும் என்று நம்பிக்கை. 2024 அக்டோபரில் அதே ரிசர்வ் வங்கி, வட்டி அநியாயமாக இருக்கிறது என்று நான்கு நிதி நிறுவனங்களைப் புதுக் கடன் தரக் கூடாது என்று நிறுத்தி வைக்க வேண்டிவந்தது.

இன்னொரு விஷயம். 2025-ல் மட்டும் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியது. 2019 அக்டோபருக்கு அப்புறம் மாறும் வட்டியில் வங்கி வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் குறைப்பு தானாகவே வந்து சேர்ந்தது, தவணையோ காலமோ குறைந்தது. ஆனால் தெருவில் வாங்கும் பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து, நான் வேலைக்குச் சேர்ந்த 1990-களிலும் பத்து வட்டிதான், இன்றைக்கும் பத்து வட்டிதான். மும்பையில் என்ன முடிவெடுத்தாலும் அந்தத் தெருவுக்கு அது வருவதில்லை.

இதெல்லாம் செலவுக் கணக்கோடு நின்றால் பரவாயில்லை. சொத்து கை மாறுவது இங்கேதான். ஐந்து வட்டிக்கு வாங்கிய ஒருவர் கட்ட முடியாமல் திணறும்போது வட்டிக்காரர் அடமானம் எழுத மாட்டார், கிரயமாகவே எழுதி வாங்கிக்கொள்வார், அல்லது பவர் பத்திரம். அப்படித் தலைக்கு மேல் போன ஒரு ஆட்டோக்காரர், ரிங் ரோடு பக்கம் அப்பா விட்டுப்போன மூன்று சென்ட்டை அவசரத்துக்கு விற்றார், ஊர் விலைக்கு ரொம்பக் கீழே. வாங்கியவர் எங்கள் வாடிக்கையாளர். தன் பணத்தைத் தொடவே இல்லை, வைப்புத்தொகையை ஈடாகக் காட்டி அதன் மேல் ஓவர்டிராஃப்ட் கடன் எடுத்தார், வைப்புக்கு நாங்கள் தரும் வட்டியை விட ஒரு சதவீதம்தான் கூட. விற்றவரின் கடன் வட்டி அறுபது, வாங்கியவருக்குக் கையைக் கடித்தது ஒன்று. இருவரில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் திருடவும் இல்லை. 2022-23-ல் இந்தியாவின் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்ததாக உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் கணக்கு சொல்கிறது. அது சேர்ந்த வழிகளில் ஒன்று இந்த மூன்று சென்ட்.

கடன் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். வட்டி எத்தனை என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். வண்டிக் கடனில் “ஃப்ளாட் 12” என்பார்கள், மூன்று வருடக் கடனில் அது உண்மையில் 21-க்கு மேல். 2024 அக்டோபர் 1-லிருந்து வங்கியோ நிதி நிறுவனமோ சில்லறைக் கடன் கொடுக்கும் முன் முக்கியத் தகவல் அறிக்கை என்று ஒரு தாள் தந்தாக வேண்டும், உங்களுக்குப் புரிகிற மொழியில், அந்த ஆண்டு விகிதத்தோடு. தமிழில் கேட்டு வாங்குங்கள், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நுண்கடன் வசூலுக்குக் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது விதி. வங்கியில் புகார் கொடுத்தும் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு எண் 14448. தெருவோர வியாபாரிகள் மாநகராட்சியில் அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடனுக்கு அது உதவும்.

பூக்கார அக்காவுக்கு அந்த ஸ்வநிதியில்தான், 2020 கடைசியில், முதல் 10,000 கொடுத்தேன். ஒழுங்காகக் கட்டினார், அடுத்து 20,000 வாங்கினார், கம்மலும் திரும்பிவிட்டது. ஓய்வு பெறுவதற்கு முன்பு ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தபோது தராசுக்குப் பக்கத்தில் புது தண்டல் அட்டை ஒன்று கிடந்தது. என்னக்கா, மறுபடியுமா என்றேன். அந்த ஆளை விட்டுவிட முடியாதாம், சின்னதாக ஒரு கடன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். “புள்ளைக்கு ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தா அவரு வந்து குடுப்பாரு. நீங்க குடுப்பீங்களா சார்?”

எங்கள் கேஷ் கவுன்ட்டர் மூன்றரைக்கு மூடிவிடும்.