கோட்டையை லேமினேட் செய்யாதீர்கள்

பழைய அச்சுப் படங்களைச் செப்பனிடுகிற என் மேஜைக்கு, லேமினேட் செய்து கெடுத்த படம் இந்த வருடத்தில் இது மூன்றாவது. "பத்திரமா லேமினேஷன் போட்டுட்டேன் மேடம், இனி நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி ஒருவர் மேஜையில் வைத்தார். பளபளவென்ற பிளாஸ்டிக்குக்குள் இராயக்கோட்டை மலைக்கோட்டையின் படம்.

ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே சுற்றி வரைந்து, லண்டன் திரும்பியதும் தாங்களே செப்புத் தகட்டில் இறக்கிய அக்வாடின்ட் (தகட்டை அமிலத்தால் அரித்து, நீர்வண்ணம்போல மென்நிழல் வரவைக்கும் முறை) அச்சுகளில் ஒன்று. 1795 முதல் 1808 வரை தொகுதி தொகுதியாக மொத்தம் 144 காட்சிகள் வெளியிட்டார்கள். இராயக்கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை 1791-இல்தான் பிடித்திருந்தது. படத்தைப் பார்த்தால் அந்தச் சுவடே தெரியாது, மாலை நேரத்தில் காற்று வாங்கப் போகிற மலைபோல இருக்கும். பால் சாண்ட்பி என்ற ஆங்கில ஓவியர் 1775-இல் வேல்ஸ் கோட்டைகளை இதே அக்வாடின்டில் வெளியிட்டதிலிருந்து லண்டன்காரர்களுக்கு வளர்ந்த ருசி அது.

சரி, லேமினேஷனுக்கு வருகிறேன்.

ரேஷன் கார்டுக்குச் செய்ததைத் தாத்தா வைத்துவிட்டுப் போன படத்துக்கும் செய்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். இல்லை. அந்த உறையின் உட்புறம் இருப்பது பசை. சூட்டில் உருகி அது காகித நாருக்குள் இறங்குகிறது. ஏற்கெனவே காகிதத்தில் இருந்த ஈரமும் அமிலமும் உள்ளேயே அடைபடுகின்றன, வெளியே போக வழியில்லை. "காத்தே போகாது மேடம்" என்கிறார்கள். அதுதானே வில்லங்கம்! இன்னொன்று: அந்தக் காலத்துக் காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்தது. இன்றைய செய்தித்தாளைவிட எத்தனையோ மடங்கு உறுதியானது. இருநூறு வருடம் தாங்கியதற்கு இன்று எதற்குச் சட்டை?

கரைப்பானில் ஊறவைத்து உரித்துப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கோடு மேல் நாரும் சேர்ந்து வரும் ஆபத்து எப்போதும் உண்டு, அந்த நாரின் மேல்தான் கையால் தீட்டிய நீர்வண்ணம் இருக்கிறது. படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் ஒன்று இருக்கும், விரலால் தடவினால் சின்னப் பள்ளம்போலத் தட்டுப்படும். இவர் கொண்டுவந்ததில் லேமினேஷன் இயந்திரத்தின் உருளை அதைத் தட்டையாக்கிவிட்டது.

அதைவிட வயிற்றெரிச்சல், உறைக்குள் அடங்கவில்லை என்று கீழ் ஓரத்தை வெட்டியிருந்தார்கள். படத்தின் பெயர், வரைந்தவர் பெயர், வெளியான தேதி எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். இப்படித் தகட்டில் செதுக்கி அச்சிடும் படங்களுக்குப் பதிப்புரிமை வேண்டுமானால் தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருக்கவேண்டும் என்று 1735-லேயே இங்கிலாந்தில் சட்டம் வந்துவிட்டது. நாங்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

"ஒருவேளை இது வெறும் காலண்டர் பிரிண்டா இருந்தா?" என்று கேட்பவர்களுக்கு: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். வானத்தைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் ஒழுங்காக வட்டம் கட்டி நின்றால் ஆஃப்செட், அதாவது இந்தக் காலத்து இயந்திர அச்சு. தாராளமாக லேமினேட் செய்துகொள்ளுங்கள். வறண்ட ஏரி மண்ணின் வெடிப்புபோல ஒழுங்கில்லாத பொடிப்பொடி வலை தெரிந்தால் அது அக்வாடின்ட், கையை எடுங்கள்.

செலோடேப் வேண்டாம். ஃபெவிகால் வேண்டவே வேண்டாம். பிளைவுட்டில் ஒட்டுகிற ஃபிரேம் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். பழுப்புப் புள்ளி போக பிளீச்சிங் பவுடர் போட்டவரையும் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசினால் எனக்கு பிரஷர் ஏறும். அமிலமில்லாத மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டி, கண்ணாடி படத்தில் படாமல் ஃபிரேம் போடுங்கள். மழையில் ஓதம் ஏறும் சுவரிலும் வெயில் விழும் சுவரிலும் மாட்டாதீர்கள். ஃபிரேமின் பின்பக்கத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் பாருங்கள், காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி அங்கேதான் குடியிருக்கும்.

ஓரத்தை ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? திட்ட மாட்டேன். அந்தத் துண்டு குப்பைக்கூடையில் இருந்தால் எடுத்து, ஒரு காகித உறையில் போட்டு, படத்தோடு கொண்டு வாருங்கள்.