உறுதி முடிந்தது, விற்றவர் எழும்பவில்லை

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கியவர்கள் கொண்டுவரும் பிரச்சினைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதியாயிற்று, காசும் முழுவதும் கொடுத்தாயிற்று, ஆனால் விற்றவர் வீட்டை விட்டு எழும்புகிறார் இல்லை. "அண்ணை, மகளின்ர கலியாணம் முடியட்டும், தையோட எழும்பித் தாறம்" என்று கேட்டிருப்பார். தெரிந்த மனுசர், ஒரே ஊர், மறுக்க மனம் வராது. வாங்கியவர் கனடாவில் இருந்து, அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவத்தோடு தங்கைதான் இங்கே எல்லாம் பார்க்கிறார் என்றால், தை போய் ஆடி வந்தாலும் கேட்க ஆளில்லை.

பொறுமை இழந்தவர்கள் முதலில் நினைப்பது பூட்டை உடைப்பதும் கரண்டை வெட்டுவதும்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டில் இருப்பவர் பொலிசுக்குப் போவார். அமைதி குலையும் என்று பொலிசார் கருதினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவான் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுப்பார்கள். அங்கே உறுதி யார் பெயரில் என்பது தீர்க்கப்படாது. யார் உடைமையில் இருந்தார், தகவல் கொடுப்பதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதுதான் கேள்வி. ஆக, சொந்த உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே நிற்கும் கட்டளையை நீங்கள் வாங்கிவர நேரலாம்.

போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். உறுதி எழுதும் அதிகாரம் உள்ள நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் முறையாக எழுதிய உறுதியோடு உரித்து உங்களிடம் வந்துவிட்டது. நம் நாட்டில் பொருந்தும் ரோமன் டச்சுச் சட்டப்படி, விற்றவர் வீட்டைக் காலிசெய்து ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். முதலில் சட்டத்தரணி மூலம் திகதி குறித்துப் பதிவுத்தபாலில் அறிவித்தல் அனுப்புங்கள். அசையாவிட்டால் உரித்துப் பிரகடனம், வெளியேற்றம், வெளியேறும் வரை மாதாந்த நட்டஈடு மூன்றையும் ஒரே வழக்கில் கேட்கலாம். வீடே வேண்டாம் என்று வெறுத்துவிட்டால், விற்பனையை ரத்துச்செய்து காசையும் நட்டஈட்டையும் கேட்கும் வழியும் உண்டு. தீர்ப்பு கிடைத்த பிறகும் எழும்பாதவரை நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் வந்து வெளியேற்றி உடைமையை ஒப்படைப்பார். காலம் எடுக்கும் வழிதான், அதனால்தான் பிந்தாமல் தொடங்கச் சொல்கிறேன்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது, வழக்குப் போட்டதும் எதிராளி கொண்டுவரும் மறுமொழி. "நான் விற்கவில்லை, கடன் வாங்கினேன், ஈடாகத்தான் உறுதி எழுதினேன்" என்பார். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இந்த வாதத்துக்கு இடம் கொடுக்கிறது. உண்மையிலேயே வட்டிக்காரரிடம் வளவை எழுதிக்கொடுத்துச் சிக்கியவர்களைக் காப்பாற்றும் பிரிவு அது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் நீதிமன்றம் அங்கே சுற்றுச் சூழ்நிலையைப் பார்க்கும். விலை சந்தைப் பெறுமதியை விடக் குறைவா, விற்ற பிறகும் அவரே இருந்தாரா, உள்ளூராட்சி சபைக்கான சோலைவரியை யார் கட்டினார், உறுதிச் செலவை யார் ஏற்றார் என்றெல்லாம் ஆராயும். முத்திரைத் தீர்வையை மிச்சம்பிடிக்க விலையைக் குறைத்து எழுதும் நம்மூர்ப் பழக்கம் இந்த இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். ஒன்றரைக் கோடிக்கு வாங்கிய வீட்டுக்கு உறுதியில் நாற்பது இலட்சம் என்று எழுதி, விற்றவரையும் உள்ளேயே விட்டுவைத்தால், அவருடைய வாதத்துக்கு நீங்களே பாதிச் சாட்சி.

சீதன வீடு என்றால் இன்னொன்றும் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க, 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. மனைவி மட்டும் ஒப்பமிட்ட உறுதியோடு போனால், வெளியேற மறுக்கும் கணவருக்கு நல்ல பிடி கிடைத்துவிடும்.

இன்னும் ஒப்பமிடாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவருக்கு அவகாசம் வேண்டுமென்றால் நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை எழுதி முற்பணம் மட்டும் கொடுங்கள். வீடு காலியாகும் நாளிலேயே உறுதியும் மீதிக் காசும் திறப்பும் கைமாறட்டும். உறுதியை உடனே காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பிந்தினால், அதே வீட்டை அவரிடம் வாங்கிய வேறொருவர் முந்திப் பதிந்து முன்னுரிமை கேட்க இடமுண்டு.

சரி, உறுதி முடிந்தும் அவரை இருக்கவிடத்தான் வேண்டுமென்றால் அன்றைக்கே ஒரு எழுத்து வாங்குங்கள். விற்பனை அறுதியானது, விலை முழுவதும் கிடைத்தது, இனி உங்கள் அனுமதியின் பேரில் மட்டுமே இன்ன திகதி வரை இருக்கிறார், பிந்தினால் நாளொன்றுக்கு இவ்வளவு நட்டஈடு என்று அதில் இருக்கட்டும். அனுமதியோடு இருப்பவர் அனுமதி கொடுத்தவரின் உரித்தை மறுக்க முடியாது என்று சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை என்ற சொல்லை எங்கும் எழுதவேண்டாம், வாடகைப் பற்றுச்சீட்டும் கொடுக்கவேண்டாம். அவர் வாடகைக்காரர் ஆகிவிட்டால் வழக்கு வேறு பாதைக்குப் போய்விடும். அப்புறம், அந்த மாதத்திலிருந்தே சோலைவரியை உங்கள் பெயரில் நீங்களே கட்டி, பற்றுச்சீட்டை உறுதியோடு சேர்த்து வையுங்கள்.