டெம்ப்ளேட், வார்ப்புரு, சேமிக்கத் தடை

“டெம்ப்ளேட்டுல யாரும் சேவ் பண்ணாதீங்க.” இந்திய நற்பணிச் செயற்குழு, ஆலய அலுவலகம், துணைப்பாட நிலையம் என்று சிங்கப்பூரில் தமிழர்கள் கூடிக் கடிதமும் அறிக்கையும் தட்டச்சு செய்யும் எந்த இடத்திலும் இந்த வேண்டுகோள் காதில் விழும். இதையே தமிழில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும் என்றால் பேனா தயங்குகிறது. ‘டெம்ப்ளேட்’டுக்கு ஏறக்குறைய நிலைபெற்ற சொல் இருக்கிறது. சிக்கல் ‘சேவ்’ என்பதில்தான்.

முதலில் டெம்ப்ளேட். ஆங்கிலத்தில் இது 17ஆம் நூற்றாண்டில் ‘டெம்ப்ளெட்’ என்ற வடிவில் தலைகாட்டியது. பிரெஞ்சு நெசவாளர்கள், தறியில் நெய்யப்படும் துணி அகலம் குறுகிவிடாமல் இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கட்டையைக் குறித்த சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. கட்டடக்காரர்கள் கையில் அது உத்தரத்தின் அடியில் பாரம் தாங்க வைக்கும் கட்டையானது. பிறகு, ஒரே அளவில் பல துண்டுகளை வெட்ட வழிகாட்டும் பலகை அந்தப் பெயரைப் பெற்றது. கடைசி அசை ‘பிளேட்’ ஆனது பிற்காலத் திரிபு. தட்டுக்கும் இதற்கும் பிறப்பில் உறவு கிடையாது, எழுத்துக்கூட்டலில் ஒட்டிக்கொண்ட உறவு மட்டுமே. லத்தீனில் ‘டெம்ப்ளம்’ என்பது திருத்தலத்தையும் குறித்தது, கூரைக் கட்டையையும் குறித்தது. ஆகவே ஆலய அலுவலகத்தில் டெம்ப்ளேட் பற்றிப் பேசுவது அவ்வளவு பொருந்தாத பேச்சு அல்ல.

சொற்செயலியில் டெம்ப்ளேட் என்பது தலைப்பு, முகவரி, எழுத்துரு, ஓர இடைவெளி, நிரப்ப வேண்டிய இடங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்து வைத்த கோப்பு. தீபாவளிக்கு அச்சுமுறுக்கு சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்கினால் முறுக்கு கழன்று விழும், அச்சு அப்படியே கையில் நிற்கும். முறுக்கு ஆவணம், அச்சு டெம்ப்ளேட்.

அப்படியானால் ‘அச்சு’ என்றே சொல்லலாமே? சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சகம், அச்சுப்பொறி, அச்சிடு என்று கணினிக்குப் பக்கத்திலேயே அந்தச் சொல் வேறு வேலையில் அமர்ந்துவிட்டது. ‘மாதிரி’யும் உதவாது. மாதிரிப் படிவம் என்றால் எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காக நிரப்பியே ஒட்டி வைத்த தாள் என்றுதான் பலரும் புரிந்துகொள்வார்கள். அது பார்ப்பதற்கு, இது ஊற்றுவதற்கு. இப்படி வடிகட்டி நின்றதுதான் ‘வார்ப்புரு’. தமிழ் விக்கிப்பீடியாவில் டெம்ப்ளேட் பக்கங்களின் பெயர்முன் ஒட்டு அதுவே. புழக்கத்தில் பரவ அதுவும் ஒரு காரணம்.

வார் என்றால் ஊற்று. தோசை வார்க்கிறோம், வெண்கலம் வார்க்கிறோம். வார்ப்புரு என்றால் வார்த்து எடுத்த உருதானே, வார்க்கப் பயன்படும் உரு எப்படி ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ‘வார்ப்பால் ஆன உரு’ என்று மூன்றாம் வேற்றுமையில் விரித்தால் சொல் தவறு. ‘வார்ப்புக்கு ஆன உரு’ என்று நான்காம் வேற்றுமையில் விரித்தால் சரி. வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொகைச்சொல் என்பதால் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். சிலை வெளிவர மண்ணை உடைத்தாக வேண்டும். ஒரு வார்ப்புக்கு ஓர் அச்சு. கணினி வார்ப்புரு நேர் எதிர்: எத்தனை முறை வார்த்தாலும் உடையக்கூடாது. பூட்டு தேவைப்படுவதும் அதனால்தான்.

இனி ‘சேவ்’. நாம் சொல்லும் ‘சேமி’, ‘சேமம்’ என்பதோடு சேர்ந்தது. பாதுகாப்பு, நலம் என்பது அதன் பொருள். 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதியில் இருப்பதும் அதே சேமம். நம்மூரில் ‘மசேநிதி’ என்று சுருக்கிச் சொல்லும்போது அந்த ஒற்றை ‘சே’யில் அது ஒளிந்திருக்கிறது. போட்டது குறையாமல் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் சேமிப்பு. டெம்ப்ளேட்டைத் திறந்து, பழைய தலைவர் பெயரை அழித்துப் புதிய பெயரைத் தட்டி, அதே கோப்பில் சேவ் கொடுப்பது அதற்கு எதிரான செயல். இருந்தது போய்விட்டது. அதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ‘மேலெழுது’ என்ற சொல் இருக்கிறது.

ஆகவே ‘டெம்ப்ளேட்டில் சேவ் செய்யத் தடை’ என்ற பேச்சுக்குள் இரண்டு வேறு தடைகள் இருக்கின்றன. ஒன்று, வார்ப்புருவை மேலெழுதத் தடை. மற்றது, ஆவணத்தையே சேமிக்கத் தடை.

முதலாவது எளிது. பெரும்பாலான இடங்களில் டெம்ப்ளேட் என்று சொல்லப்படுவது உண்மையில் டெம்ப்ளேட்டே அல்ல, சாதாரண வேர்ட் ஆவணம். இருமுறை சொடுக்கினால் மூலமே திறக்கும். அது ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்தில் இருந்து தானியங்கிச் சேமிப்பும் இயங்கினால், யாரும் சேவ் பொத்தானைத் தொடாமலேயே மாற்றம் பதிவாகிவிடும். அதையே டெம்ப்ளேட் வடிவில், அதாவது ‘டி-ஓ-டி-எக்ஸ்’ என்ற பின்னொட்டோடு வைத்தால், இருமுறை சொடுக்கும்போது பெயரிடாத புதிய ஆவணம் பிறக்கும், மூலம் தொடப்படாது. 2007க்கு முன் அந்தப் பின்னொட்டு ‘டி-ஓ-டி’. பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு, கோப்பு இருக்கும் பொதுக் கோப்புறையில் ஒருவருக்கு மட்டும் எழுதும் உரிமை, மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை. ‘இறுதியானது எனக் குறி’ என்ற வசதியை நம்ப வேண்டாம். அது ஒரு வேண்டுகோள், ஒரே சொடுக்கில் விலக்கிவிடலாம்.

இரண்டாவது தடைக்கும் காரணம் இருக்கிறது. முகப்பில் ஒருவரின் விவரங்களைத் தட்டி, அச்சிட்டுக் கொடுத்து, கணினியில் எதுவும் தங்காமல் இருக்க வேண்டிய வேலைகள் உண்டு. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஒருவர் யார் என்பதைத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைத் திரட்டவோ பயன்படுத்தவோ கூடாது. ஆகவே யாரோ எப்போதோ சேமித்த ரசீது வடிவில் அந்த எண் கிடப்பதை எந்தச் செயலாளரும் விரும்பமாட்டார்.

இதற்கு வேர்டில் உள்ள பழைய வழி மேக்ரோ, அதாவது கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் சிறு நிரல். வேர்டின் சேமிப்புக் கட்டளைக்கு உள்ளே ‘ஃபைல்சேவ்’, ‘ஃபைல்சேவ்ஆஸ்’ என்று பெயர். அதே பெயரில் நாம் ஒரு மேக்ரோ எழுதி டெம்ப்ளேட்டில் வைத்தால், பயனர் சேவ் அழுத்தும்போது வேர்டின் கட்டளைக்குப் பதிலாக நம்முடையது ஓடும். ‘இங்கே சேமிக்க அனுமதியில்லை’ என்று சொல்லி நிறுத்திவிடலாம். இந்த உத்தியைக் கெட்ட நோக்கத்தோடு பயன்படுத்தியதும் உண்டு. 1995இல் பரவிய ‘கான்செப்ட்’ என்ற வேர்ட் மேக்ரோ வைரஸ், எல்லா ஆவணங்களுக்கும் அடிப்படையான ‘நார்மல்’ டெம்ப்ளேட்டில் புகுந்து, இதே ‘ஃபைல்சேவ்ஆஸ்’ பெயரைப் பிடித்துக்கொண்டு, பயனர் சேமிக்கும் ஆவணங்களை டெம்ப்ளேட்டாக்கித் தன்னையும் அவற்றில் ஏற்றிவிட்டது. அந்த வகை அனுபவங்களின் நீட்சியாக, 2022 முதல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை வேர்ட் இயல்பாகவே தடுக்கிறது. மேக்ரோ ஓடாத கணினியில் நம் தடையும் ஓடாது. ஓடினாலும், எழுத்தை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டுவதையோ திரையைப் படம் பிடிப்பதையோ அது தடுக்காது. தவறுதலாகச் சேமிப்பவரை நிறுத்தும், வேண்டுமென்றே செய்பவரை நிறுத்தாது. உண்மையான தடை வேண்டுவோர் வேர்டை விட்டு இணையப் படிவத்துக்குப் போவதே மேல்.

சிலர் முதல் தடையை ‘வார்ப்புருக் காப்பு’ என்று எழுதலாம். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணிமையில் ‘காப்பு நகல்’ என்பது பேக்கப்பைக் குறிப்பதால், படிப்பவர் இன்னொரு பிரதி இருப்பதாக நினைத்துவிடுவார். ‘வார்ப்புருவை மேலெழுதாதீர், உங்கள் ஆவணத்தை வேறு பெயரில் சேமியுங்கள்’ என்பது அறிவிப்புப் பலகைக்குப் போதும். முகப்புக் கணினிக்கு: ‘இங்கு ஆவணங்களைச் சேமிக்க இயலாது.’

பன்மையில் வார்ப்புருகளா, வார்ப்புருக்களா என்ற ஐயமும் வரும். தெரு தெருக்கள் ஆவதுபோல உரு உருக்கள் ஆகும். வார்ப்புருக்கள்.