சொன்னவர்களுக்கே எட்டாத ஆய்வுகள்

வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளை உள்ளடக்கி 1989 வரை ஒரே மாவட்டமாக இருந்த வட ஆர்க்காட்டின் மக்களைப் பற்றி இணையத்தில் தேடும் கல்லூரி மாணவருக்கு, காசு செலவில்லாமல் முழுமையாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்து நூல்கள்தாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’, அதற்கு முன்பே வந்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு ஆகியவற்றின் பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால், அவற்றை எவரும் தரவிறக்கிப் படிக்கலாம். தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு சாதிகளை வகைப்படுத்த முயன்றவர். அந்த முறையை மானிடவியல் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் கைவிட்டதற்கான காரணங்களை விளக்கும் பிற்கால ஆய்வுகளில் பெரும்பகுதி, பணம் கட்டினால்தான் திறக்கும் ஆய்விதழ்களில் அடைபட்டிருக்கிறது.

இந்தப் பகுதியில் மானிடவியல் களப்பணி செய்து வருபவன் என்ற முறையில், இதன் விளைவை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஜவ்வாது மலையில் ‘மலையாளி’ எனப்படும், தமிழ் பேசும் பழங்குடிக் குடும்பங்களிலிருந்தும், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து இருளர் குடியிருப்புகளிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள், தங்கள் மக்களைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரைக்குத் தர்ஸ்டனின் வரிகளையே சான்றாகக் காட்டுகிறார்கள். அதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை. திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

வட ஆர்க்காட்டைப் பற்றிப் பிற்காலத்தில் யாரும் எழுதவில்லை என்பதும் இல்லை. பசுமைப் புரட்சி நெல் விவசாயத்தை எப்படி மாற்றியது என்று அறிய, 1973–74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு இங்குள்ள கிராமங்களில் வீடு வீடாகத் தகவல் திரட்டியது. அதே கிராமங்கள் 1980களிலும் 1990களிலும் மீண்டும் ஆராயப்பட்டன. நிலம், கிணறு, கடன், கூலி என்று ஒளிவுமறைவில்லாமல் கணக்குச் சொன்ன அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தங்கள் ஊர் உலக அளவில் பேசப்பட்ட ஆய்வுக்களம் என்பது தெரிய வேண்டாமா?

ஆய்வுகளை எவரும் காசின்றிப் படிக்கும்படி திறந்த முறையில் வெளியிடுவது நடக்காத காரியமும் அன்று. 2002இல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட புடாபெஸ்ட் அறிக்கை இந்தக் கோரிக்கையை உலகின் முன் வைத்தது. அமெரிக்க மானிடவியலாளர்களின் முன்னணி ஆய்விதழ்களில் ஒன்றான ‘கல்ச்சுரல் ஆந்த்ரோபாலஜி’ 2014 முதல் யாவருக்கும் இலவசமாகிவிட்டது. நம் நாட்டிலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகளின்படி 2009 முதல் பல்கலைக்கழகங்கள் ‘சோத்கங்கா’ தளத்தில் ஏற்ற வேண்டும். அங்கே எவரும் தேடிப் படிக்கலாம். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கொண்டு வருகிறது. நல்ல முயற்சிதான், ஆனால் மலைக் கிராமத்து ஆசிரியரும், சுயநிதிக் கல்லூரி மாணவரும், ஊர்ச் சங்கத்தின் செயலாளரும் அதன் வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

ஆய்வாளர்கள் ஒன்று செய்யலாம். ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் அச்சு வடிவமைப்புக்குப் போகாத கைப்பிரதியை இணையத்தில் உள்ள பொதுக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள், சில சமயம் ஓராண்டோ ஈராண்டோ கழித்து, அனுமதிக்கின்றன. பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த அனுமதி பற்றிய பத்தியைப் படித்துப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

எல்லாவற்றையும் திறந்து போடுவதும் முறையாகாது என்பதை இதே அழுத்தத்தோடு சொல்லியாக வேண்டும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை, பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி 1997இல் இந்தியா ரத்து செய்ய வைத்தது. ஏட்டில் இருந்ததால் மஞ்சள் தப்பியது. மலையில் ஒரு வைத்தியர் நம்பிச் சொன்ன பச்சிலை, அவர் சம்மதமின்றி இணையத்துக்குப் போனால், அதை வணிகமாக்குபவர் யார், பங்கு யாருக்கு என்ற கேள்விகளுக்கு அவரால் பதில் தேட முடியாது. கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பம் பேசிய பேச்சை, ஊரும் பேரும் அடையாளம் தெரியும்படி பொதுவில் வைத்தால், அவர்கள் பழைய முதலாளியின் கண்ணில் படும் ஆபத்தும் உண்டு. பழங்குடியினரின் தரவுகள் பற்றி 2019இல் வெளியான ‘கேர்’ கொள்கைகள், கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் உரிமை, பொறுப்பு, நெறி ஆகிய நான்கையும் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆகவே சம்மதம் கேட்கும்போதே, ‘நீங்கள் சொல்வதை யார் யார் படிக்கலாம்?’ என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேட்டியின் மூலப்பதிவை மூடி வைத்து, முடிவுகளை மட்டும் திறந்து வைக்க அவர்கள் விரும்பலாம். அதற்கு இடமளிக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் நான்கைந்து பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதி, இணையத்தில் ஏற்றுவதோடு நில்லாமல், அச்சிட்டு அந்த ஊர்ப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதைப் படித்து ‘இது தப்பு’ என்று ஊரார் சுட்டிக்காட்டினால், அந்தத் திருத்தத்தையும் அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும்.