படத்தைக் காட்டிப் பயமுறுத்தியது போதும்

நெபுலைசர் முகமூடியைக் கழற்றி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையில் ஊசி போட்ட பிளாஸ்திரி அப்படியே இருக்க, வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து என் நோயாளி ஒருவர் புகைத்துக்கொண்டிருந்தார். மகள் சிகரெட் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் போட்டாள். "பாருங்க டாக்டர், இவ்வளவு பெருசா படம் போட்டிருக்கான். இவருக்குக் கண்ணு தெரியலையா?" பின்னாலேயே வந்தவர் நிதானமாகச் சொன்னார்: "அதுல இருக்கிறது கேன்சர்மா. எனக்கு இருக்கிறது மூச்சுத் திணறல்தானே."

நுரையீரல் மருத்துவம் பார்க்கிற எங்களுக்கு இது அன்றாடம் கேட்கும் பதில். தொண்டைப் புற்று படம் போட்ட பெட்டியை மாரடைப்பு வந்தவர் வாங்குவார். நுரையீரல் படம் போட்டதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வேறு படம் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. படத்தில் இருப்பவன் யாரோ. அவன் அதிகமாகப் பிடித்திருப்பான், நான் அளவோடுதானே பிடிக்கிறேன்! இந்தக் கணக்கைப் போடாத புகைப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

உடனே "அப்படியானால் எச்சரிக்கைப் படமே வீண்" என்று கிளம்பிவிடாதீர்கள். புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1950-லேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 1964-ல் வந்தது. அதன்பின் 1966-ல் அங்கே பெட்டியில் ஏறிய வாசகமோ "உடல்நலத்துக்குத் தீங்காக இருக்கக்கூடும்" என்பதுதான். கூடுமாம்! பெரிய வண்ணப் படங்கள் கனடாவில் 2001-ல்தான் வந்தன. ஆஸ்திரேலியா 2012-ல் நிறுவனச் சின்னத்தையே எடுத்துவிட்டு எல்லாப் பெட்டிகளையும் ஒரே மங்கல் நிறத்துக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2016 முதல் பெட்டியின் இருபக்கமும் 85 விழுக்காடு எச்சரிக்கைதான். கனடா 2023-ல் ஒவ்வொரு சிகரெட்டின் மேலும் அச்சடிக்கச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இன்னும் தொடாத பையனைத் தயங்க வைக்கவும், விட நினைப்பவரை அதில் உள்ள உதவி எண்ணுக்கு அழைக்க வைக்கவும் இதெல்லாம் பயன்படும். இருபது வருடமாகப் பிடிப்பவர் விஷயம் வேறு. அவருக்குத் தகவல் போதாமல் இல்லை. நோய்களின் பட்டியலை நம்மைவிட அவர் நன்றாக ஒப்பிப்பார்.

பிறகு ஏன் பிடிக்கிறார்? எச்சரிக்கை சொல்வது இருபது வருடம் கழித்து வரப்போவதை. அவர் உடம்பு கேட்பது அடுத்த பத்து நிமிடத்துக்கு. இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் மூளைக்குப் போக இருபது வினாடிகூட ஆகாது. இந்தப் போட்டியில் படம் ஜெயிக்காது. அதனால்தான் நாங்கள் "ஒரு நாளைக்கு எத்தனை?" என்பதோடு நிறுத்தாமல், "காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்றும் கேட்கிறோம். அரை மணிக்குள் என்றால் நிக்கோட்டினின் பிடி இறுகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அறிவுரை சொல்லி என் நேரத்தை வீணாக்க மாட்டேன், நேராக மருந்துக்குப் போய்விடுவேன்.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டும் பேச்சுக்கு வருகிறேன். "டென்ஷன் டாக்டர். ஒண்ணு பத்தவச்சாத்தான் தலை தெளியுது."

படித்தவர், படிக்காதவர், காவல்துறை, கணினித்துறை, ஏன், அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும் எங்கள் ஆட்களே இதைத்தான் சொல்கிறார்கள். தலை தெளிவது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலை ஏன் கலங்கியது? இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. குறையக் குறைய எரிச்சல், கவனச் சிதறல், கால் ஆட்டம், காரணமில்லாத படபடப்பு. அந்த நேரம் பார்த்து மேலாளர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அல்லது வீட்டிலிருந்து போன் வந்திருக்கும். பழி அவர்கள்மேல் விழும். வெளியே போய் ஒன்றைப் பற்றவைத்தால் நிக்கோட்டின் ஏறும், எரிச்சல் அடங்கும், பெயர் சிகரெட்டுக்குப் போகும். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான் இது. தொட்டிலை ஆட்டியதற்கு நன்றி சொல்கிறோம், கிள்ளிய கையை யாரும் பார்ப்பதில்லை.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? புகைக்காதவருக்கும் அதே மேலாளர்தானே, அதே கடன்தானே? அவர் ஏன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போகவில்லை? புகைக்கும்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. உடம்பு அந்த நேரத்தில் ஓய்வெடுப்பதில்லை. சிகரெட்டை நிறுத்தியவர்களையும் தொடர்ந்து புகைத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2014-ல் வெளியிட்டது. விட்டவர்களுக்குத்தான் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. முதல் இரண்டு மூன்று நாள் நரகமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலானோருக்கு மூன்று, நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அந்த மூன்று நாள் எரிச்சலை வைத்துக்கொண்டு "சிகரெட் இல்லாம என்னால இருக்க முடியாது" என்று ஆயுள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிக்கொள்வதுதான் எனக்குத் தாங்காது.

மற்ற சாக்குகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். "லைட் சிகரெட்தான்": அதன் வடிகட்டியில் நுண் துளைகள் இருக்கும். சிகரெட் புகையை அளக்கிற சோதனை இயந்திரத்துக்கு அவை வழியாகக் காற்று கலக்கும், அளவு குறைவாகக் காட்டும். உங்கள் விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடிவிடும், போதாததற்கு ஆழமாகவும் இழுப்பீர்கள். "நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்": நாளுக்கு இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒன்றிலேயே வந்துவிடுகிறது என்று 2018-ல் வெளியான பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பிடிச்சாரு": விடாமல் புகைப்பவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தாத்தா மீதிப் பாதியில் இருந்தார். நீங்கள் எந்தப் பாதி என்று எந்த ஸ்கேனிலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களிடம் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை, அதில் பயம் இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்பே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டவர்களுக்கு 6, 40-ல் விட்டவர்களுக்கு 9. முப்பதில் விட்டவர்கள் ஏறக்குறைய முழுவதையும் மீட்டுவிட்டார்கள். அறுபதிலும் மூன்று வருடம் என்பது சின்ன விஷயமில்லை ஐயா.

சரி, எப்படி விடுவது? வெறும் வைராக்கியத்தை நம்பி இறங்குபவர்களில் ஆறு மாதம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். எனவே உதவி கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேதி குறியுங்கள். புகைக்கும் வேட்கையைக் குறைக்கும் வேரினிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளை அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும், அதனால் முன்கூட்டியே வாருங்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும், திடீர் வேட்கைக்குச் சூயிங்கமும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடப் பலன் அதிகம். "அதிலும் நிக்கோட்டின்தானே" என்று வீட்டார் தடுக்கிறார்கள். நிக்கோட்டின் அடிமையாக்குகிறது. புற்றையும் மூச்சடைப்பையும் கொண்டுவருவது பெரும்பாலும் புகைதான். அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு.

தயவுசெய்து அந்தச் சூயிங்கத்தைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று தள்ளாதீர்கள். பாதிப் பேர் இப்படித்தான் மென்று விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, "எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாக நாலைந்து முறை மெல்லுங்கள். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கு போனதும் மறுபடி இரண்டு முறை மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படியே. வாயின் உட்தோல் வழியாக ஏற வேண்டிய மருந்து அது, வயிற்றுக்குப் போனால் வீண். காபி, பழச்சாறு குடித்துக் கால் மணி நேரத்துக்குள் வாயில் போட்டால் சரியாக ஏறாது.

காபி என்றதும் இன்னொன்று. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி காஃபீனை வேகமாக வெளியேற்றும். சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் தணியும், பழைய அளவு காபியே இரட்டிப்பாக ஏறும். தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரும். உடனே "சிகரெட்டை விட்டதுதான் காரணம்" என்று மறுபடி பற்றவைப்பார்கள். காபியைப் பாதியாகக் குறையுங்கள், போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடையில் ஒருநாள் ஒன்று பிடித்துவிட்டார் என்று தெரிந்தால் ஊரைக் கூட்டாதீர்கள். பல முறை சறுக்கித்தான் பலரும் விடுகிறார்கள். "எங்கே, எப்போது தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள். பெட்டிப் படத்தை முகத்துக்கு நேரே நீட்டினால், அடுத்த முறை மறைத்துப் பிடிக்கக் கற்றுக்கொள்வார், அவ்வளவுதான்.

மனநோய்க்கு குளோசபின், மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர்கள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடக் கூடாது. காபிக்கு நடப்பதுதான் இந்த மருந்துகளுக்கும் நடக்கும், இரத்தத்தில் அளவு ஏறி நச்சாகலாம். விடப்போகும் தேதியை உங்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.