கல்லை விட்டுப் பனியை மட்டும் வாருவது எப்படி?

அமெரிக்காவின் வெர்மான்ட், மெய்ன், மினசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் ஏப்ரல் பிறந்ததும் கிராமப்புற வீடுகளில் ஒரு வேலை தொடங்கும். புல்தரையில் சிதறிக் கிடக்கும் சரளைக் கல்லை வாரியால் இழுத்து, மறுபடி பாதையில் கொட்ட வேண்டும். வெளியாள் யாரும் கொண்டுவந்து போட்டதில்லை. குளிர்காலம் முழுக்கப் பனியோடு பனியாக வீட்டுக்காரரே ஒதுக்கித் தள்ளிய கல்தான். சாலையிலிருந்து வீடு வரை நூறு, இருநூறு மீட்டர் நீளும் பாதைக்குத் தார் போட்டுக் கட்டுப்படியாகாது என்பதால், பலரும் ஜல்லி கொட்டியே சமாளிக்கிறார்கள்.

பனி வாரும் பிளேடை பிக்கப் டிரக்கின் மூக்கில் மாட்டியிருப்பார்கள். சுமார் 2.3 மீட்டர் அகலம், 300 கிலோ எடை. அதன் அடியில் சுமார் 15 சென்டிமீட்டர் உயரமும் 12 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுப் பட்டை. தரையைச் சுரண்டுவது அதுதான். தார்ச் சாலைக்கு அது போதும். சரளையில் ஓட்டினால் ஜல்லியைத் தோண்டி எடுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் ‘ஷூ’. பிளேடின் பின்னால் இரண்டு பக்கமும் தொங்கும், காளான் வடிவ வார்ப்பிரும்புத் தட்டு. அதன் தண்டில் வாஷர்களை மேலும் கீழும் மாற்றிப் போட்டு, பட்டை தரைக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷூ எடையைப் பரப்பிவிடுகிறது, அதனால்தான் தரை தப்பிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் நேர்மாறாக வருகிறது. பட்டை முழு நீளத்துக்கும் தரையில் படிந்தால் தொடும் பரப்பு சுமார் 276 சதுர சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தட்டுகளின் பரப்பு வெறும் 157. அதாவது ஷூ மாட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்கிறது. அப்படியானால் ஷூ எதனால் வேலை செய்கிறது? அதன் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதால்.

தரையில் பாதி புதைந்து, 10 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். பட்டையின் முன்முகம் ஏறக்குறைய செங்குத்து. கல்லுக்கு முன் சுவர் வந்து நின்ற மாதிரி. கல்லைப் பெயர்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியே இல்லை. அதே இடத்தில் உருண்டையான ஒரு பரப்பு வந்தால் கல்லின் மேல் ஏறிக் கடக்கப் பார்க்கும். எவ்வளவு எளிதாக ஏறும் என்பது சந்திக்கும் கோணத்தைப் பொறுத்தது.

பட்டறைக்காரர்களின் கைவேலை இங்கேதான் வருகிறது. மிகப் பரவலான முறை குழாய் மாட்டுவது. இரண்டு அங்குல இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரே கோடாகக் கிழித்து, அந்தப் பிளவைப் பட்டையின் அடியில் செருகி போல்ட் போட்டுவிடுவார்கள். இரண்டு அங்குலம் என்பது கடைப் பெயர்தான். வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர். அந்த வளைவு நம் கல்லை 48 டிகிரியில் தொடும். மூன்றங்குலக் குழாய் என்றால் 39 டிகிரி. உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 48 டிகிரியில் ஏறுவதற்கு, கல்லின் மேல் வரும் எடையைப்போல் 1.1 மடங்கு விசையோடு கல்லைப் பக்கவாட்டில் தள்ள வேண்டியிருக்கும். லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, நுனியை 20 டிகிரிக்கு மேல்நோக்கி வளைத்து, பிளேடின் அடியில் வழுக்கிச் செல்லும் ஓடுகட்டை செய்தால் அந்த விசை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். நம்மூர்க் கொல்லர்கள் அரிவாள் அடிக்க விரும்பி எடுக்கும் அதே பட்டைதான். தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் அதைச் சூடாக்காமல் அப்படியே வெல்டு வைத்தால் இணைப்பை ஒட்டி விரிசல் விடும். பிறகு, உறையும் குளிரில் ஓர் இடி போதும், துண்டாக வந்துவிடும்.

கோணத்தில் ஸ்பிரிங் பட்டை ஜெயித்தாலும் எனக்குக் குழாய்தான் கெட்டிக்கார யோசனையாகப் படுகிறது. காரணம் பாதையின் முதுகு. மழைநீர் வழிந்தோட, சரளைப் பாதையின் நடுவை மேடாக்கி இரண்டு பக்கமும் ஏறக்குறைய 4 சதவீதச் சரிவு விடுவது வழக்கம். 1.5 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஷூ இருந்தால், அவை நிற்கும் இடம் நடுமேட்டைவிட 3 சென்டிமீட்டர் தாழ்வு. ஷூவை 2.5 சென்டிமீட்டருக்கு வைத்திருந்தால் பிளேடின் நடுப்பகுதி நிம்மதியாக ஜல்லியைச் சுரண்டிக்கொண்டே போகும். வண்டிக்குள் இருப்பவருக்கு இது தெரியவும் தெரியாது. குழாயோ முழு நீளத்துக்கும் ஷூ. எங்கே மேடு தட்டினாலும் அங்கே வளைவு இருக்கும்.

எதை மாட்டினாலும், பிளேடை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் நெம்புகோல் ‘ஃப்ளோட்’ நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் பிளேடு தன் எடையில் தரையோடு ஏறி இறங்கும்.

இவ்வளவும் தரை உறைந்திருந்தால்தான். கல் நகராமல் நின்றால்தானே அதன்மேல் ஏற முடியும்? ஈரம் உறையாத தளர்ந்த சரளையில் கல் விலகிவிடும், ஷூ அமுங்கும், முன்னால் கல் குவியும். அதனால் அனுபவசாலிகள் பருவத்தின் முதல் பனியை வாருவதே இல்லை. வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி மிதித்துவிடுவார்கள். பனித்துகள்கள் உருகுநிலைக்கு மிக அருகில் இருப்பவை. நெருக்கி வைத்தால் தொடும் இடங்களில் மெல்லிய கழுத்துகள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலோகப் பொடியை உருக்காமலே சூட்டில் இறுக்கிக் கட்டியாக்கும் அதே சிண்டரிங். ஓரிரு குளிர்ந்த இரவுகளில் ஜல்லிக்கு மேல் ஒரு கெட்டித் தளம் உருவாகிவிடும். குழாய் அதற்குப் பிறகு கல்லைத் தொடுவதே அபூர்வம்.

இதற்கு விலையும் உண்டு. குழாய் எப்போதும் ஒரு படலம் பனியை விட்டுவிட்டே போகும். நடுவில் ஒரு நாள் வெயில் அடித்து மறுபடி உறைந்தால் அது கண்ணாடி மாதிரி வழுக்கும். மணல் தூவாமல் வண்டி மேடேறாது. மார்ச்சில் அடித்தளம் இளகிய பிறகு பனி பெய்தால் குழாயும் கைகொடுக்காது. அப்போது பலர் பிளேடைத் தரையில் இறக்கி வண்டியைப் பின்னோக்கி எடுக்கிறார்கள். முன்னோக்கிப் போகும்போது தோண்டும் விளிம்பு, பின்னோக்கி இழுபடும்போது சாய்ந்து தடவிக்கொண்டு வருகிறது. பனி முழுசாக வராது, பாதிதான் வரும். ஆனால் ஜல்லி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.