மழை பார்த்துக் கட்டும் பூச்சி

இலங்கையில் நுவரெலியாப் பக்கத்து ஓயாக்களில், அதாவது மலையாறுகளில், ட்ரவுட் மீன் வந்த கதை பலருக்குத் தெரியும். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், அதோடு தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் போலிப் பூச்சி கட்டும் வித்தையும் வந்தது. ஃப்ளை என்பது இதுதான். ஆற்றில் அந்த நேரம் எந்தப் பூச்சி வெளிவருகிறதோ, அதைப் போலக் கட்டினால்தான் மீன் ஏமாறும்.

இங்கிலாந்தில் இதற்கு மாதக்கணக்கு உண்டு. மேஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சி குளிர்காலம் முழுக்க ஆற்றடியில் குடம்பியாக, அதாவது சிறகு முளைக்காத குஞ்சாக, கிடக்கும், தண்ணீர் சூடேற ஏற வளரும், தேவையான சூடு சேர்ந்ததும் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் மேலே வரும். பெரிய மேஃப்ளை என்றால் மே கடைசி, ஜூன் தொடக்கம்.

அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் பலிக்காது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் குளிராக இருந்தாலும், ஆண்டு முழுக்கச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது, மாதத்துக்கு மாதம் இரண்டு மூன்று பாகைக்கு மேல் மாறுவதில்லை. "இப்போ வெளியே வா" என்று சொல்ல ஆற்றில் சூட்டுமணி கிடையாது. அதனால் தை மாதத்தில் ஒரு கல்லைப் புரட்டினாலும் சரி, ஆவணியில் புரட்டினாலும் சரி, கடுகளவு குஞ்சும், சிறகு மொட்டு கறுத்து இன்றோ நாளையோ பறக்கப்போகும் குடம்பியும் ஒரே கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது ஆறு கற்களைப் புரட்டிக் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் தெளிந்த பிறகு, தப்பிய பூச்சிகள் பறந்து வந்து முட்டையிட, மறுபடி கல்லெல்லாம் நிறையும். அப்புறம் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி இடித்துப் பெய்யும் மழை: தோட்டத் தொழிலாளர் லயத்து லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும் அந்த மாலைகளில் ஆற்றில் விழும் ஈசலும் மீனுக்கு விருந்துதான், அன்றைக்கு மேஃப்ளை கட்டிக்கொண்டு நிற்பது வீண்.

சரி, எதைப் பார்த்துக் கட்டுவது? நிறத்தில் மயங்க வேண்டாம் என்பேன். மீன் கீழிருந்து பார்க்கிறது, ஒளி விலகுவதால் வெளியுலகம் அதன் தலைக்கு மேல் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும், சுற்றியுள்ள நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி ஆற்றடியைக் காட்டும். மிதக்கும் பூச்சியின் கால்கள் அந்தக் கண்ணாடியில் அழுத்தும் சின்னக் குழிகள்தான் மீனுக்கு முதலில் தெரிவது. அதனால் அளவு முதல், உருவம் அடுத்தது, நிறம் கடைசி.

இன்னொன்று, பூச்சியின் எந்தப் பருவம் என்பது. மேஃப்ளைக்குச் சிறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோல் உரியும், வேறெந்தப் பூச்சிக்கும் இது கிடையாது. மங்கலாக எழும்பி, கரையோரச் செடியில் உட்கார்ந்து தோலுரித்து, பளபளவென்று திரும்பி வந்து முட்டையிட்டு, சிறகை விரித்துத் தண்ணீரில் சாகும். சாப்பிட உதவும் வாய் இல்லை, மிஞ்சிப்போனால் சில நாள் உயிர். நிமிர்ந்த சிறகோடு ஒன்று, விரித்த சிறகோடு ஒன்று, நீருக்கடியில் குடம்பியாக ஒன்று என ஒரே பூச்சிக்கு மூன்று ஃப்ளை வேண்டும். இருட்டும் நேரத்தில் குடம்பிகள் நீரோட்டத்தில் அதிகம் மிதந்து வருவதால், அப்போது அடியில் ஓடும் ஃப்ளைதான் என் தெரிவு.

தூண்டிலை அவிழ்க்குமுன் பாலத்துக்கு அடியில் சிலந்தி வலைகளைப் பாருங்கள். நேற்றிரவு ஆற்றிலிருந்து எழும்பியது எல்லாம் அளவு மாறாமல் அங்கே தொங்கும்.